நைட்ரிக் ஆக்சைடு விடும் கரையும் பாலிமர்: சர்க்கரைப் புண்ணுக்கு ஆகுமா, வெறும் பேச்சா?

கேள்வி: காட்பாடி வாசகர், 4 மே 2025

உடம்புக்குள் தானே கரைந்துபோகும் பிளாஸ்டிக்கில் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை ஏற்றி, அதை இரத்தக்குழாய் அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயிலும் புண்ணுக்குப் போடும் கட்டிலும் பயன்படுத்தப் போகிறார்கள் என்று படித்தேன். அது வண்டிப் புகையில் வரும் நச்சு வாயு. பல் பிடுங்கும்போது தரும் சிரிப்பு வாயுவும் அதுதான். இதை மருந்து என்பது காதில் பூச்சுற்றும் வேலை என்பது என் கருத்து. ஆறாத சர்க்கரைப் புண்ணோடு இருக்கும் என் மாமனாருக்கு இதை நம்பிக் காத்திருக்கலாமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லவும்.

4 மே 2025, இரவு

சிரிப்பு வாயு என்பது நைட்ரஸ் ஆக்சைடு. அதில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டு. நைட்ரிக் ஆக்சைடில் ஒரு நைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் மட்டுமே உண்டு. வண்டிப் புகையில் அது இருப்பது உண்மைதான். ஆனால் நம் இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களும் அதே வாயுவை இரவும் பகலும் சுரந்துகொண்டிருக்கின்றன. குழாய்ச் சுவரின் தசை தளர்வதும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் நழுவிப் போவதும் பெருமளவு அதனால்தான். இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை உங்கள் வீட்டில் இருந்தால், உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி வேலை செய்யும் மருந்து ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது. நுரையீரல் இரத்த அழுத்தம் மிகுந்து மூச்சுக்குத் திணறும் பச்சிளங் குழந்தைகளுக்கு, காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் இந்த வாயுவையே கலந்து தருவதற்கு அமெரிக்காவில் 1999-இல் அனுமதி கொடுத்தார்கள்.

மாமனார் காத்திருக்க வேண்டாம். காரணத்தைத் தனியாக எழுதுகிறேன்.

6 மே 2025

"மாத்திரையாகவே கொடுத்துவிடலாமே, பாலிமர் எதற்கு?" என்று மருந்துக்கடை அண்ணன் கேட்டிருக்கிறார். இந்த வாயு திசுவில் சில விநாடிகளே நிலைக்கும். இரத்தத்தில் அதற்கும் குறைவு, ஏனெனில் ஹீமோகுளோபின் அதைக் கண்டவுடன் பிடித்துக்கொள்கிறது. மாத்திரை உடம்பு முழுவதற்கும் போகிறது. தலைவலி வருகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது, தொடர்ந்து எடுத்தால் பழகிப்போய்ப் பலன் குறைகிறது. ஆகவே வேண்டிய இடத்திலேயே, வேண்டிய நேரத்துக்கு, சிறிது சிறிதாக வாயு உண்டாக வேண்டும். அந்த இடத்தில் பொருத்தி வைக்கும் பொருளிலேயே வாயுவின் மூலத்தையும் கட்டிவைப்பது என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது.

கட்டிவைக்கப் பல வழிகள் இருந்தாலும் இரண்டைச் சொன்னால் போதும். முதலாவது டயசீனியம்டயோலேட். அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தின் மீது அழுத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடைச் செலுத்தினால் இரண்டு மூலக்கூறுகள் ஏறி அமர்கின்றன. பிறகு ஈரமும் அமிலத்தன்மையும் பட்டால் அவை விடுபடும். எந்த அமீன் என்பதைப் பொறுத்து, உடம்புச் சூட்டில் இரண்டு விநாடியில் பாதி காலியாகும் வகையும் உண்டு, ஏறத்தாழ 20 மணி நேரம் எடுக்கும் வகையும் உண்டு. இரண்டாவது நைட்ரோசோதயால். இதில் கந்தக அணுவின் மீது வாயு உட்கார்ந்திருக்கும். வெளிச்சம், சூடு, செப்பு அயனி இவற்றில் எது பட்டாலும் கழன்றுவிடும்.

கரையும் பகுதியைப் பற்றிச் சொல்ல என் பிழைப்பே எனக்கு உதவுகிறது. நான் இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ சோல் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் சோல் போட்ட ஷூவை எடுத்துப் போடாமல் பீரோவிலேயே சில ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்கு மாட்டிக்கொண்டு போனால், மண்டபப் படியிலேயே சோல் தூள்தூளாக உதிரும். பாலிமரைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்பைக் காற்றின் ஈரம் அறுத்ததன் விளைவு அது. எங்களுக்கு அது வாடிக்கையாளரின் புகார்க் கடிதம். மருத்துவப் பாலிமர் செய்பவர்களுக்கோ அதுவே பொருளின் பயன். லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களைக் கோத்துச் செய்த பி.எல்.ஜி.ஏ. பாலிமரும், அறுவைச் சிகிச்சையில் பிரிக்க வேண்டாதபடி போடும் விக்ரில் தையல் நூலும் இதே எஸ்டர் அறுபடுதலால்தான் கரைகின்றன. அறுந்த துண்டுகளை உடம்பு செரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேற்றிவிடுகிறது.

சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. எஸ்டர் அறுபட்டால் உண்டாவது அமிலம். அமிலம் பட்டால் டயசீனியம்டயோலேட் வேகமாக வாயுவை விடும். எனவே தாங்கி நிற்க வேண்டிய பாலிமரே தன் மேலிருப்பதை விரட்டுகிறது. பாலிமர் கரைந்து முடிய மாதங்கள் ஆகும். வாயுவோ முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் போய்விடும். இந்த இரண்டு காலங்களையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைப்பதே இந்தத் துறையின் முழுத் தலைவலி என்பது என் கணிப்பு. தடித்த துண்டுகளில் நிலைமை இன்னும் விநோதமாக இருக்கும்: உள்ளே உண்டான அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்குவதால் ஓரத்தைவிட நடுப்பகுதி முதலில் கரையும்.

9 மே 2025

ஸ்டென்ட்டின் மேல் இந்தப் பாலிமரைப் பூசினால் போதாதா என்று கேட்டவருக்கு ஒரு மனக்கணக்கு.

ஆரோக்கியமான குழாய்ச் சுவர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 50 முதல் 400 பிக்கோமோல் (பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மைக்ரோமோல்) வரை நைட்ரிக் ஆக்சைடு விடுவதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நூறு என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளுக்கு 43,200 நிமிடம். ஆக, சதுர சென்டிமீட்டருக்கு 4.3 மைக்ரோமோல், எடையில் 0.13 மில்லிகிராம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு கிராம் பாலிமரில் 0.4 மில்லிமோல் ஏற்ற முடிகிறது என்று கொண்டால், அந்த 4.3 மைக்ரோமோலைத் தாங்குவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 11 மில்லிகிராம் பாலிமர் வேண்டும். படலமாகப் பூசினால் தடிமன் 80 மைக்ரானைத் தாண்டும். மருந்து பூசிய ஸ்டென்ட்டின் பூச்சு சில மைக்ரான்களே. அதாவது, பூச்சாகப் பூசி மாதக்கணக்கில் வாயு வாங்க முடியாது. ஸ்டென்ட்டின் கம்பியே அந்தப் பாலிமராக இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

முழுக்கக் கரையும் ஸ்டென்ட்டுக்கு முன்கதை ஒன்று உண்டு. பாலிலாக்டிக் அமிலத்தால் செய்த அப்சார்ப் ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவில் 2016 ஜூலையில் அனுமதி கிடைத்தது. உலோக ஸ்டென்ட்டைவிட இதில் இரத்தம் உறையும் அபாயம் கூடுதல் என்று ஆய்வுகளில் தெரிந்தது, விற்பனையும் படுத்தது, 2017 செப்டம்பரில் அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கம்பி ஏறத்தாழ 150 மைக்ரான் தடிமன்; கரைய மூன்று ஆண்டுகள். தட்டணுக்களை விலக்கும் வாயு அந்தக் கம்பியிலிருந்து வந்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மூன்று ஆண்டு நிற்கும் கம்பிக்கு முப்பது நாள் வாயு எந்த மூலைக்கு?

10 மே 2025

பீட்ரூட்டும் கீரையும் தின்றால் இதே வாயு கிடைக்குமே என்று எழுதிய அம்மாவுக்கு: கிடைக்கும். கீரையின் நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும். அதிலிருந்து வயிற்றமிலம் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும். கிருமிநாசினியால் வாய் கொப்பளிப்பவர்களிடம் இந்த வழி அடைபடுகிறது. இரத்த அழுத்தத்துக்கு நல்லது. ஆனால் உள்ளங்கால் புண்ணின் மீது வேண்டிய செறிவு அதனால் கிடைக்காது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கும் இந்தப் பெருமை உண்டா என்று தனிமடலில் கேட்டவருக்கு: அது புவிசார் குறியீட்டோடு திருப்தியடையட்டும்.

18 மே 2025

கத்திரி வெயில் நடுவில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு.

முதுகலை படித்தபோது குளூட்டாதயோன் என்ற கந்தகச் சேர்மத்தில் வாயு ஏற்றி நைட்ரோசோதயால் செய்து பார்த்தோம். குளூட்டாதயோன் கரைசலில் சிறிது அமிலம் விட்டு, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், நிறமற்று இருந்தது கண்முன்னே ரோஜா நிறமாகும். பெனிசிலமைன் என்ற இன்னொரு கந்தகச் சேர்மத்திலிருந்து செய்யும் வகையோ பச்சை. அந்த நிறமே வாயு ஏறியிருப்பதற்குச் சான்று. நிறம் வெளுத்தால் வாயு போய்விட்டது என்று பொருள். ஒரு குழாயை அலுமினியத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியிலும், இன்னொன்றை மேற்குச் சன்னல் திட்டிலும் வேண்டுமென்றே வைத்தோம். சன்னலில் இருந்தது சாயங்காலத்துக்குள் வெளுத்துச் சிறு குமிழிகளோடு நின்றது. தாளைப் பிரித்தபோது மற்றதன் நிறம் அப்படியே இருந்தது.

இந்த வகைப் பொருள் வேலூருக்கு வந்து சேரும் பாதையை நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரிக்கு மேல். மூடிய கூரியர் வண்டிக்குள் இன்னும் அதிகம். பி.எல்.ஜி.ஏ. பாலிமரே 45 முதல் 50 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். அதன் மேல் ஏற்றிய வாயு அதற்கு முன்பே கழலத் தொடங்கியிருக்கும். நீராவியில் 121 டிகிரிக்குச் சுடவைத்துக் கிருமி நீக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாயுவும் போகும், பாலிமரும் உருக்குலையும். வெறும் தையல் நூலையே ஈரம் படாமல் அலுமினியத் தாள் உறையில் அடைத்துத்தான் தருகிறார்கள். இதற்கு இருட்டு, உலர்வு, குளிர் மூன்றும் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் "37 டிகிரியில் இத்தனை நாள்" என்ற வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் நான் தேடுவது, பொருளை எந்தச் சூட்டில் எத்தனை நாள் வைத்திருந்து பிறகு சோதித்தார்கள் என்ற ஒரு வரியைத்தான். சோல் வியாபாரத்தில் கிடங்கில் கெட்டுப்போன சரக்குகளைப் பார்த்துப் பழகிய புத்தி அது.

2 ஜூன் 2025

இந்தப் பாலிமரிலிருந்து நைட்ரோசமைன் உண்டாகாதா என்று குடியாத்தம் தம்பி கேட்டிருப்பது இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி. வயிற்றமிலத்தைக் குறைக்கும் ரானிட்டிடின் மாத்திரையை 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அகற்றச் சொன்னது நைட்ரோசமைன் வகைச் சேர்மம் ஒன்றின் கலப்பினால்தான். அவற்றுள் பல புற்றுநோய் உண்டாக்குபவை.

டயசீனியம்டயோலேட் வாயுவை விட்ட பிறகு மிஞ்சுவது அமீன். வெளிவந்த வாயுவின் ஒரு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து, திரும்ப அந்த அமீனைப் பிடித்துக்கொண்டால் நைட்ரோசமைன் உண்டாகலாம். இந்தச் சேர்மங்களை மருத்துவப் பக்கம் கொண்டுவந்த லாரி கீஃபர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்தவர், நைட்ரோசமைன்களை ஆராய்ந்தவர். அதனால் ஆபத்து தெரியாமல் யாரும் இறங்கவில்லை. மருந்து கசியாதபடி அமீனைப் பாலிமர்ச் சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் கட்டிவிடுவது அவர்கள் கண்ட ஒரு பரிகாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் மேயர்ஹாஃப் குழு வடிகுழாய்களுக்காகச் செய்ததில் இவ்வகைப் பாலிமர்களும் உண்டு. கரையாத பாலிமருக்கு அது சரியான பரிகாரம்.

கரையும் பாலிமருக்கு அது உப்பால் செய்த முளையில் ஆட்டைக் கட்டுவது போன்றது. முளை கரையும் நாளில் ஆடு தெருவுக்கு வந்துதான் தீரும். சங்கிலி அறுபட அறுபட, அதில் கட்டியிருந்த அமீனும் துண்டோடு துண்டாக உடம்புக்குள் போகும். ஆகவே கரையும் பாலிமரில் "கசிகிறதா?" என்று கேட்பதில் பொருளில்லை, எல்லாமே ஒருநாள் வெளிவரும், வெளிவரும் ஒவ்வொரு துண்டையும் உடம்பு ஏற்குமா என்றே கேட்க வேண்டும். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மெலிசா ரெனால்ட்ஸ் குழு கரையும் பாலிமர்களில் நைட்ரோசோதயால்களை நாடியதன் நியாயம் எனக்கு இங்கேதான் புரிகிறது. சிஸ்டீன், குளூட்டாதயோன் இரண்டுமே உடம்பில் இயல்பாக உள்ளவை. வாயு போனபின் மிஞ்சும் கந்தகச் சேர்மம் அந்நியமானதல்ல. அமீனைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்களுக்குப் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது; அதன் நைட்ரோசமைன் புற்றுநோய் உண்டாக்காத வகை. ஆனால் இரண்டு விநாடியில் பாதி காலியாகும் வகை என்று முன்பு எழுதினேனே, அது புரோலினுடையதுதான்.

3 ஜூன் 2025

மேலே எழுதியதை 18-ஆம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்கவும். மிஞ்சும் துண்டைப் பார்த்தால் கந்தக வழி நல்லது. வெயிலைப் பார்த்தால் அதுவே சிக்கலானது. எது தேவலை என்று என்னைக் கேட்டால், குளிர்பெட்டிக்குச் செலவழிப்பேனே தவிர நைட்ரோசமைனோடு விளையாட மாட்டேன்.

21 ஜூன் 2025

மாமனார் விஷயம்.

சர்க்கரை நோயாளியின் புண்ணில் நைட்ரிக் ஆக்சைடு குறைவாக உண்டாகிறது என்பதும், அது குறைந்தால் புதுக் குழாய்கள் முளைப்பதும் கொலாஜன் என்ற தாங்கு புரதம் படிவதும் தளர்கின்றன என்பதும் ஆய்வுகளில் காட்டப்பட்டவை. செறிவு கூடினால் கிருமிகளையும் கொல்லும். ஆகவே ஸ்டென்ட்டைவிடக் கட்டுதான் இதற்கு ஏற்ற முதல் இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியில் இருப்பது, கெட்டால் எடுத்துப் போடலாம், சில நாள் வாயு வந்தாலே போதும், அடுத்த கட்டு மாற்றும்போது புதிது வைத்துக்கொள்ளலாம். 9-ஆம் தேதிக் கணக்கில் இடித்த 80 மைக்ரான், கட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் உள்ளங்காலில் உணர்ச்சி போனவருக்குப் புண் வருவது வாயு குறைந்ததால் அல்ல. இதை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் நம் ஊரும் ஒன்று. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தாலும் காயத்தாலும்தான் அழிகின்றன என்பதைக் காட்டினார். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இன்றும் அந்தப் பாடத்தின்படி எம்.சி.ஆர். செருப்பு தருகிறார்கள். எம்.சி.ஆர். என்பது நுண்துளை ரப்பர். எங்கள் கூடத்துக்கு அந்தத் தகடு வந்தால், கடினத்தன்மை அளக்கும் கருவியை அதன்மேல் வைத்த உடனே தெரிந்துவிடும். முனை தகட்டுக்குள் மெத்தென்று அமுங்கி, முள் 15-ஐ ஒட்டித் தயங்கி நிற்கும். கடையில் வாங்கும் சாதாரண ரப்பர் செருப்பில் அது வெகுவாக மேலே ஏறும்.

என் பெரியப்பாவுக்கும் பெருவிரலின் அடியில் புண் இருந்தது. வெள்ளி கலந்த கட்டு, கொலாஜன் கட்டு என்று விலை கூடிய கட்டுகளாகவே போட்டோம். அவரோ வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், உச்சி வெயிலில் காய்ந்த பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வருவார். சுடவில்லையா என்று கேட்டால், "சாமி சந்நிதியில் எனக்குச் சுடுவதே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார். நரம்பு செத்துப்போன காலுக்கு அடுப்புக் கல்லும் சுடாது. மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தைப் புண்ணிலிருந்து விலக்கிய பிறகுதான் அது மூடத் தொடங்கியது. அதற்கு முன் போட்ட கட்டுகள் அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர். எனவே, காட்பாடி ஐயா, இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, எலும்புக்குள் சீழ் இறங்கியிருக்கிறதா, பாரம் எங்கே விழுகிறது என்று மூன்றையும் பார்க்கும் மருத்துவரிடம் மாமனாரை இந்த வாரமே அழைத்துப் போங்கள். வாயு விடும் கட்டு நாளைக்கே கடைக்கு வந்தாலும் இந்த மூன்றும் அப்படியேதான் இருக்கும்.

24 ஜூன் 2025

"அப்படியென்றால் இதனால் யாருக்கும் பலன் கிடைத்ததே இல்லையா?" என்று சிஸ்டர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் கட்டு ஒன்றைச் சர்க்கரைக் கால் புண்களில் வைத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். 12 வாரத்தில் புண்ணின் பரப்பு நடுமதிப்பில் 88.6 விழுக்காடு சுருங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 46.9 விழுக்காடு. அந்தக் கட்டில் வாயு நைட்ரைட்டையும் அமிலத்தையும் சேர்க்கும்போது பிறப்பது. நாம் பேசும் கரையும் பாலிமர் அல்ல. அதுபோலவே, 2024 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த பெர்டாசிமர் களிம்பு உண்மையிலேயே வாயு விடும் பாலிமர்; ஆனால் அதன் சங்கிலி சிலிக்கான் வகை, தோலின் மேல் வரும் ஒருவகை வைரஸ் மருவுக்கு மட்டும். போடும் வேளையில் இரண்டு களிம்புகளைக் கலந்து பூச வேண்டும். ஒன்றில் பாலிமர், மற்றதில் அதைத் தூண்டும் ஈரமும் அமிலத்தன்மையும். கொரோனா காலத்தில் 2022 பிப்ரவரியில் இந்தியாவில் வெளிவந்த நைட்ரிக் ஆக்சைடு மூக்குத் தெளிப்பானையும் மருந்துக்கடை அண்ணன் நினைவுபடுத்துகிறார்.

இவற்றில் கட்டையும் களிம்பையும் பார்த்தால், வாயுவைக் கிடங்கிலேயே கழல விடாமல், பயன்படுத்தும் நொடியில் வெளிவர வைத்திருக்கிறார்கள். கிடங்குச் சூட்டுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. கரையும் பாலிமர் செய்பவர்களும் இந்தப் பக்கம் திரும்பினால், கூரியர் வண்டியைப் பற்றிய என் கவலை பாதியாகக் குறையும்.

6 ஜூலை 2025

இதையே முதுகலைத் திட்டப்பணியாக எடுக்கலாமா என்று கேட்கும் குடியாத்தம் தம்பிக்கு: எடுக்கலாம். வாயுவை நேரடியாக அளக்கும் கருவியில் ஓசோனோடு சேர்த்து ஒளியை எண்ணுவார்கள். விலை நம் கல்லூரிகளுக்கு எட்டாது. கிரீஸ் (Griess) என்ற நிறச் சோதனை போதும், 540 நானோமீட்டரில் ஊதா கலந்த சிவப்பை அளந்துவிடலாம். ஆனால் அது பார்ப்பது நைட்ரைட்டை மட்டுமே. படலத்திலிருந்து வாயு வந்து நைட்ரைட் ஆனதா, வாயு ஏறிய சேர்மமே கரைசலில் கசிந்து பிறகு அங்கே உடைந்ததா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்குக் கரைசலைத் தனியே எடுத்து இருட்டில் வைத்து மறுபடி அளக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். செப்பு கலந்திருந்தால் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். வாயு ஏற்றாத வெறும் பாலிமர்ப் படலத்தையும் அதே சூட்டில், அதே கரைசலில், அதே நாட்கள் போட்டு எடை இழப்பைக் குறித்துக்கொள்ளவும். பக்கத்தில் அந்த எண்கள் இல்லையென்றால், வாயு போனதால் பாலிமர் வேகமாகக் கரைந்ததா என்று தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.